ரோய் கம்பனெல்லா: மைதானத்தில் இருபது ஆண்டுகள், சக்கர நாற்காலியில் முப்பத்தைந்து ஆண்டுகள்

ரோய் கம்பனெல்லா என்ற பெயர் எங்களில் பலருக்குப் பழக்கமில்லாதது. அவர் ஆடிய பேஸ்போல் விளையாட்டும் எங்கள் ஊர்களில் பெரிதாக ஆடப்படுவதில்லை. 1948ஆம் ஆண்டு முதல் 1957ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்குக் கெச்சராக இருந்தவர் அவர். நிறத்தின் பெயரால் மூடப்பட்டிருந்த பெரிய லீக்குகளின் கதவு திறந்தபோது உள்ளே நுழைந்த முதல் தலைமுறைக் கறுப்பின வீரர்களில் ஒருவர். தனது லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரராக மூன்று தடவைகள் தெரிவானவர். 36 வயதில் ஒரு வீதி விபத்தில் கழுத்து முறிந்து, தோளுக்குக் கீழே உணர்விழந்து, அதற்குப் பின்னர் 35 ஆண்டுகள் வாழ்ந்தவர்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஒருவரேனும் இல்லாத கிராமம் வன்னியில் குறைவு. அதனால் இவரது வாழ்க்கையின் இரண்டாம் பகுதியை எங்கள் வாசகர்கள் முதற்பகுதியைவிடக் கூர்ந்து படிக்கக்கூடும். ஆனாலும் முதற்பகுதி தெரியாமல் இரண்டாம் பகுதியை விளங்கிக்கொள்ள முடியாது.

கெச்சரின் வேலை

எல்லே ஆடியவர்களுக்கு பேஸ்போலை விளக்குவது கடினமல்ல. தடியால் பந்தை அடித்துவிட்டு, குறிக்கப்பட்ட தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை எறிபவர் எதிரணிக்காரர். 60 அடி 6 அங்குலத் தூரத்தில் ஒரு சிறு மேட்டில் நின்று, அடிப்பவரை ஏமாற்றும் விதமாக எறிவார். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து அந்தப் பந்தைப் பிடிப்பவரே கெச்சர்.

கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரோடு அவரை ஒப்பிடலாம். ஆனால் கெச்சரின் சுமை அதைவிடக் கூடியது. அடுத்த பந்து எப்படி வரவேண்டும் என்பதை விரல் சைகையால் பந்தெறிவாளருக்குச் சொல்பவர் பெரும்பாலும் அவர்தான். மைதானம் முழுவதையும் பார்த்தபடி இருக்கும் ஒரே தடுப்பாளரும் அவர்தான். மற்ற எட்டுப் பேரும் அவரை நோக்கி நிற்பார்கள், அவர் மட்டும் அவர்களை நோக்கி இருப்பார். முகத்துக்குக் கம்பி முகமூடி, நெஞ்சுக்கு மெத்தைக் கவசம், முழங்காலிலிருந்து பாதம் வரை காப்பு என்று எல்லாம் போட்டும் விரல்கள் முறியும், முழங்கால்கள் தேயும். எதிரணி வீரர் ஒருவர் பந்தெறியும் நேரத்தில் இரண்டாம் தளத்துக்கு ஓட முயன்றால், கெச்சர் எழுந்த வேகத்தில் 127 அடி தூரம் பந்தை எறிந்து அவரை ஆட்டமிழக்கச் செய்யவேண்டும்.

அப்படித் தளம் திருட முயன்றவர்களில் 57 வீதமானோரைக் கம்பனெல்லா ஆட்டமிழக்கச் செய்திருக்கிறார். பெரிய லீக் வரலாற்றில் இதுவே மிக உயர்ந்த விகிதம். உயரம் 5 அடி 9 அங்குலம்தான். அகன்று பருத்த உடம்பு. பார்த்தால் வேகமானவராகத் தெரியாது. பந்து கையை விட்டுப் போன பிறகுதான் ஓட முயன்றவருக்கு விடயம் விளங்கும்.

பதினைந்து வயதில் தொழில்

1921ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி பிலடெல்பியா நகரில் அவர் பிறந்தார். தந்தை சிசிலித் தீவிலிருந்து வந்த இத்தாலியக் குடும்பத்தைச் சேர்ந்தவர், மரக்கறி வியாபாரி. தாய் கறுப்பினப் பெண்மணி, பக்தி மிகுந்தவர். கலப்புப் பிறவி என்று மற்றச் சிறுவர்கள் கேலி செய்த பிறகுதான் தன் குடும்பம் மற்றக் குடும்பங்களிலிருந்து வேறுபட்டது என்பதே அவருக்குத் தெரியவந்ததாம். அமெரிக்கச் சட்டமும் வழக்கமும் அவரைக் கறுப்பினத்தவர் என்றே எண்ணின. தந்தையின் நிறம் அவருக்கு எந்த வாசலையும் திறந்துவிடவில்லை.

1937இல், பதினைந்து வயதில், பக்கரக் ஜயன்ட்ஸ் என்ற கறுப்பின அணியில் வார இறுதி ஆட்டங்களுக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமையில் விளையாட்டா என்று தாய் முதலில் மறுத்தார். தேவாலயத்துக்குப் போவது தவறக்கூடாது என்ற பேச்சின் பேரில்தான் இசைந்தார். அதே ஆண்டில் எலைட் ஜயன்ட்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. பாடசாலைப் படிப்பு அத்தோடு நின்றது.

அக்காலத்தில் 'நீக்ரோ லீக்' என்று அழைக்கப்பட்ட ஆட்டத்தொடர்கள் கறுப்பின வீரர்களுக்கு இருந்த ஒரே உயர்மட்ட மேடை. பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று எழுத்தில் சட்டம் எதுவும் இருக்கவில்லை. உரிமையாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உடன்பாடு அது. 1884இல் டொலீடோ நகர அணிக்காகப் பெரிய லீக்கில் ஆடிய மோசஸ் பிளீட்வூட் வோக்கர் என்ற கறுப்பினத்தவருக்குப் பிறகு அந்தக் கதவு அறுபது ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்தது. வோக்கரும் ஒரு கெச்சர்தான்.

எழுதாத சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட முடியாது. மறுப்பவர்கள் மறுத்ததாகவும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1942இல் பிட்ஸ்பேர்க் பைரட்ஸ் அணி கம்பனெல்லா உட்பட மூன்று கறுப்பின வீரர்களுக்குத் தெரிவு ஆட்டம் வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. அந்த ஆட்டம் நடக்கவேயில்லை.

கறுப்பின அணிகளின் வாழ்க்கை பெரும்பாலும் பேருந்தில் கழிந்தது. ஓர் ஊரில் பகலில் ஆடிவிட்டு, வியர்வை காய முன்னர் அடுத்த ஊருக்குப் புறப்படவேண்டும். பல ஊர்களில் உணவகங்கள் அவர்களுக்குச் சாப்பாடு தரமாட்டா, விடுதிகள் இடம் தரமாட்டா. உடை மாற்றுவதும் நித்திரை கொள்வதும் பேருந்திலேயே நடக்கும். ஒரே நாளில் இரண்டு ஊர்களில் நான்கு ஆட்டங்களுக்குக் கெச்சராகக் குந்தியிருந்த நாளும் கம்பனெல்லாவுக்கு உண்டு. எலைட் ஜயன்ட்ஸ் அணியின் மூத்த கெச்சர் பிஸ் மக்கி அவருக்கு இந்தத் தொழிலின் நுட்பங்களைக் கற்றுக்கொடுத்தார். பந்தெறிவாளரின் மனதை வாசிப்பது, குந்திய நிலையிலிருந்து எறிவது, பந்து தரையில் பட்டுத் தெறிக்கும்போது உடம்பால் மறிப்பது எல்லாம் மக்கியிடம் படித்தவை. 1941இல் நீக்ரோ லீக்கின் கிழக்கு - மேற்கு நட்சத்திர ஆட்டத்தில் சிறந்த வீரராகத் தெரிவானபோது கம்பனெல்லாவுக்கு வயது 19.

1942இலும் 1943இலும் மெக்சிக்கோவின் மொன்டெரே அணிக்கு ஆடினார். அங்கே யாரும் நிறம் பார்க்கவில்லை. ஸ்பானிய மொழியும் பேசப் பழகினார்.

தவறவிட்ட சந்திப்பு

1945 ஒக்டோபரில் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்து நீண்ட நேரம் பேசினார். அக்காலத்தில் ரிக்கி புதிய கறுப்பின அணி ஒன்றுக்கு ஆள் சேர்ப்பதாகக் கதை உலாவியது. அந்த அணிக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்த கம்பனெல்லா, எனக்கு ஏற்கெனவே ஓர் அணி இருக்கிறது என்ற எண்ணத்தில் பிடிகொடுக்காமல் வந்துவிட்டார். சில நாட்கள் கழித்து ஹார்லெம் பகுதி விடுதியொன்றில் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தபோது ஜக்கி ரொபின்சன் இரகசியமாகச் சொன்னார்: தான் டொட்ஜர்ஸின் மொன்ரியல் கிளை அணியோடு ஒப்பந்தம் செய்துவிட்டேன் என்று. அப்போதுதான் ரிக்கி கேட்டது என்னவென்று கம்பனெல்லாவுக்கு விளங்கியது.

ரொபின்சனே முதல்வர் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ரிக்கி தேர்ந்தெடுத்ததும் அவரைத்தான். ஆனால் அன்றைய கறுப்பின வீரர்களில் ஆட்டத்திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் கம்பனெல்லா எவருக்கும் பின்னால் நிற்கவேண்டியவர் அல்லர்.

1946இல் ரிக்கி அவரையும் டொன் நியூகொம்ப் என்ற இளம் பந்தெறிவாளரையும் கீழ்நிலை அணியொன்றுக்கு அனுப்ப முயன்றார். இலினோய் மாநிலத்தின் டான்வில் அணி இருவரையும் ஏற்க மறுத்தது. நியூஹம்ஷயர் மாநிலத்தின் நஷுவா என்ற சிறு நகரம் ஏற்றுக்கொண்டது. முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம். அந்த ஊரில் நடந்த ஒரு சங்கதி சொல்லவேண்டியது. உள்ளூர்க் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் நஷுவா வீரர் அடிக்கும் ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் 100 கோழிக்குஞ்சுகள் பரிசு என்று அறிவித்திருந்தார். கம்பனெல்லா வென்ற குஞ்சுகள் ஆயிரத்தைத் தாண்டின. அவற்றைப் பிலடெல்பியாவில் இருந்த தந்தைக்கு அனுப்பிவைத்தார். தகப்பன் கோழி வளர்ப்புத் தொழிலையே தொடங்கிவிட்டார்.

அதே பருவகாலத்தில் ஓர் ஆட்டத்தில் நடுவர் அணி முகாமையாளர் வோல்டர் அல்ஸ்டனை வெளியேற்றியபோது, மிச்ச ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை அல்ஸ்டன் கம்பனெல்லாவிடம் கொடுத்தார். வெள்ளையர் நிறைந்த தொழில்முறை அணியொன்றை மைதானத்தில் வழிநடத்திய முதல் கறுப்பினத்தவர் என்று இதனைப் பலரும் குறிப்பிடுகின்றனர். அன்று நஷுவா வென்றது.

1947 ஏப்ரல் 15ஆம் திகதி ரொபின்சன் புரூக்ளினில் களமிறங்கினார். கம்பனெல்லா மொன்ரியலில் ஒரு பருவகாலம் காத்திருந்தார். 1948 ஏப்ரலில் டொட்ஜர்ஸ் அணிக்கு வந்தார், ஆனால் ரிக்கி அவரை சென் போல் நகர அணிக்குத் திருப்பி அனுப்பினார். அந்த லீக்கிலும் நிறத்தடையை உடைக்க ஓர் ஆள் தேவை என்பது ரிக்கியின் கணக்கு. ஒரு மனிதனின் சொந்த முன்னேற்றத்தை நிறுத்திவைத்து, அவனை வழிவெட்டும் கருவியாக மட்டும் பயன்படுத்துவது சரியா என்று இன்றைக்குக் கேட்கலாம். கம்பனெல்லா முணுமுணுக்காமல் போனார், அங்கே எல்லோரையும்விட நன்றாக அடித்தார், ஜூலையில் திரும்பி வந்தார். அதன் பிறகு அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

புரூக்ளின் ஆண்டுகள்

1949 ஜூலை 12இல் புரூக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில் நடந்த பெரிய லீக் நட்சத்திர ஆட்டத்தில் முதற்தடவையாகக் கறுப்பின வீரர்கள் இடம்பெற்றனர். ரொபின்சன், நியூகொம்ப், கம்பனெல்லா, கிளீவ்லாண்ட் அணியின் லரி டோபி என நால்வர். அந்த ஆண்டிலிருந்து 1956 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் கம்பனெல்லா நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானார்.

1951, 1953, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசிய லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரர் விருது அவருக்கே. இவற்றில் 1953 தனித்துச் சொல்லவேண்டியது: 41 ஹோம் ரன்கள், தனது அடிகளால் அணிக்குச் சேர்த்த ஓட்டங்கள் 142. ஒரு கெச்சர் ஒரே பருவகாலத்தில் அவ்வளவு ஓட்டங்களைச் சேர்த்தது அதற்கு முன்னர் இல்லை. 1970இல் ஜொனி பெஞ்ச் வந்துதான் அதைக் கடந்தார். இடையில் 1954 மோசமாகப் போனது. இடது கையில் எலும்பு சிதைந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்டது, விரல்களில் உணர்வு குறைந்தது, அடிச் சராசரி .207 வரை இறங்கியது. அவர் முடிந்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டு .318 சராசரியோடு மூன்றாவது விருதை வாங்கினார்.

புரூக்ளின் மக்களுக்கு விருதுகளைவிட முக்கியமானது ஒன்று இருந்தது. அந்த அணி உலகத்தொடர் இறுதிக்குப் பல தடவைகள் போய், ஒவ்வொரு தடவையும் தோற்றிருந்தது. 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்து தடவைகளும் அதே நியூயோர்க் யாங்கீஸ் அணியிடம் தோல்வி. அடுத்த வருடம் பார்ப்போம் என்பது அந்த ஊரின் வாய்ப்பேச்சாகவே ஆகியிருந்தது. 1955 ஒக்டோபர் 4ஆம் திகதி ஏழாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸ் 2-0 என வென்றது. நான்காவது சுற்றில் இரண்டாம் தளம் வரை அடித்துச் சென்று, முதல் ஓட்டத்தை எடுத்துக் கொடுத்தவர் கம்பனெல்லா. முழு ஆட்டத்திலும் யாங்கீஸை ஓட்டமெடுக்க விடாத இளம் பந்தெறிவாளர் ஜொனி பொட்ரஸுக்கு எதிரே குந்தியிருந்து பந்து பிடித்தவரும் அவரே.

ரொபின்சனோடு வந்த பிணக்கு

இரண்டு பேரும் ஒரே அணி, ஒரே நிறம், ஒரே அவமானங்கள். ஆனால் அவற்றை எதிர்கொண்ட விதம் வேறு. ரொபின்சன் முதல் சில ஆண்டுகள் ரிக்கிக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடியிருந்தார், பிறகு திறந்த வாயை மூடவில்லை. நடுவரோடும், பத்திரிகையோடும், விடுதிக்காரரோடும் வாதாடினார். கம்பனெல்லா சிரித்துக் கதைத்துக் காரியத்தைக் கொண்டுபோகும் ஆள். கறுப்பினத்தவருக்கு இப்போது கிடைத்திருப்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்ற அச்சமும் அவரிடம் இருந்தது. இதனை அடிபணிவு என்று ரொபின்சன் வெளிப்படையாகவே விமர்சித்தார்.

சென் லூயிஸ் நகரில் அணி தங்கும் சேஸ் விடுதி நெடுங்காலம் கறுப்பின வீரர்களை ஏற்கவில்லை. 1954 அளவில் அறை தருகிறோம், ஆனால் உணவுக்கூடத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் வரக்கூடாது என்று அந்த விடுதி இறங்கி வந்தது. ரொபின்சன் அங்கே போய்த் தங்கினார். கால் வைத்தால் மற்றக் கதவுகளையும் திறக்கலாம் என்பது அவர் எண்ணம். கம்பனெல்லா போகவில்லை. இத்தனை ஆண்டுகள் எங்களை வேண்டாதவர்களிடம் இப்போது ஏன் போகவேண்டும் என்று கறுப்பினத்தவர் நடத்திய விடுதியிலேயே தொடர்ந்து தங்கினார்.

இதில் யார் பணிந்தார், யார் எதிர்த்தார் என்று சொல்வது அவ்வளவு இலகுவா? இந்த இடத்தில் கம்பனெல்லாவின் மறுப்பிலும் ஒரு தன்மானம் தெரிகிறது. அதேவேளை, ரொபின்சன் போன்றவர்கள் முட்டி மோதியிராவிட்டால் அந்தக் கதவுகள் திறந்திராது என்பதும் உண்மை. ஒடுக்கப்படும் மக்களுக்குள் இந்த வாக்குவாதம் எந்த நாட்டிலும் ஓய்வதில்லை. வெளியிலிருந்து அடிப்பவனைவிட, உள்ளே இருந்து வித்தியாசமாக யோசிப்பவன்மேல் வரும் கோபம் கூடுதலாக இருப்பதும் உண்டு. பின்னாளில் இருவரும் நெருங்கி வந்தனர். 1964இல் ரொபின்சன் வெளியிட்ட நூலுக்காகக் கம்பனெல்லாவும் பேசினார். சக்கர நாற்காலியில் இருந்த அவர், குடியுரிமை பற்றி முன்பைவிட உறுதியாகப் பேசினார்.

1958 ஜனவரி 28

1957 பருவகாலத்தோடு டொட்ஜர்ஸ் அணி புரூக்ளினை விட்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு இடம்பெயர முடிவெடுத்தது. கம்பனெல்லா அங்கே போகத் தயாராகிக்கொண்டிருந்தார். ஹார்லெமில் அவருக்கு மதுபானக் கடை ஒன்று இருந்தது, ஆட்டம் இல்லாத மாதங்களில் கடையைத் தானே பார்ப்பார். ஜனவரி 28 அதிகாலை கடையைப் பூட்டிவிட்டு லோங் ஐலன்ட் தீவின் கிளென் கோவ் பகுதியில் இருந்த வீட்டுக்குப் புறப்பட்டார். சொந்த வாகனம் திருத்தவேலைக்குப் போயிருந்ததால் வாடகைக் கார் ஒன்றை ஓட்டினார். வளைவொன்றில் உறைபனியில் கார் வழுக்கி, தொலைபேசிக் கம்பத்தில் மோதிப் புரண்டது. வீடு அருகில்தான் இருந்தது.

கழுத்தின் ஐந்தாம், ஆறாம் முள்ளெலும்புகள் சிதைந்து முள்ளந்தண்டு வடத்தை நசுக்கியிருந்தன. பல மணி நேரச் சத்திரசிகிச்சையால் உயிர் தப்பியது. கால்கள் இரண்டும் போயின, கைகளும் முதலில் அசையவில்லை. மூச்சு விடவே சிரமப்பட்டார், நிமோனியா வந்தது.

முள்ளந்தண்டு வடம் எந்த மட்டத்தில் பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே மிச்சம் இருக்கும் இயக்கம் அமையும். இடுப்பு மட்டத்தில் என்றால் கைகள் முழுமையாக இருக்கும், சக்கர நாற்காலியைத் தானே உருட்டலாம். கழுத்தின் ஐந்தாம் ஆறாம் மட்டத்தில் என்றால் தோளை உயர்த்தலாம், முழங்கையை மடக்கலாம், விரல்களைப் பெரும்பாலும் இழக்கவேண்டியிருக்கும். ஓடுபவரை 127 அடி தூரத்திலிருந்து வீழ்த்திய கைக்கு, ஒரு கரண்டியைப் பிடிப்பது பயிற்சியாகிப் போனது.

அவரைப் பயிற்றுவித்த இடத்துக்கும் யுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. முதலாம் உலக யுத்தக் காலத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட படைவீரர்களில் மிகப் பெரும்பாலானோர் சில மாதங்களுக்குள் இறந்தனர். அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். இரண்டாம் உலக யுத்தத்தின்போதுதான் இந்த நிலை மாறத் தொடங்கியது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர், நோயாளியைச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைப்பது, சிறுநீர்ப்பையைத் தூய்மையாகப் பராமரிப்பது, கூடிய விரைவில் எழுப்பி உட்காரவைப்பது என்று ஒரு முறையைக் கட்டியெழுப்பினார். நாசி ஜேர்மனியிலிருந்து தப்பிவந்த யூதர் அவர். அந்த வைத்தியசாலையில் 1948இல் அவர் தொடங்கிய போட்டிகளே பராலிம்பிக்காக வளர்ந்தன. அமெரிக்காவில் விமானப்படை வீரர்களின் மறுவாழ்வுப் பணியைப் பொறுப்பேற்றிருந்த வைத்தியர் ஹவார்ட் ரஸ்க், யுத்தம் முடிந்ததும் அந்த அனுபவத்தை நியூயோர்க்குக்குக் கொண்டுவந்து மறுவாழ்வு நிலையமொன்றை நிறுவினார். கம்பனெல்லா 1958 மே மாதம் அங்கேதான் மாற்றப்பட்டார். படைவீரர்களுக்காகப் பிறந்த வைத்தியம் அவரைக் காப்பாற்றியது. அதே அறிவு எங்கள் மக்களுக்குத் தேவைப்பட்ட காலத்தில் எவ்வளவு எட்டியது, எவ்வளவு எட்டவில்லை என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

முதல் மாதங்களில் யாரோடும் பேச விரும்பாமல், சாவதே மேல் என்று கிடந்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். நிலையத்தில் தன்னைவிட மோசமான நிலையில் இருந்த பிள்ளைகளைக் கண்டதும் மெல்ல மாறத் தொடங்கினார். கையில் கட்டிய கருவியால் தானே சாப்பிடவும், ஏட்டுப் பக்கங்களைப் புரட்டவும், வந்தவருக்குக் கை நீட்டவும் பழகினார். 1958 நவம்பரில் வீடு திரும்பினார். அடுத்த ஆண்டே தன் வாழ்க்கைக் கதையை நூலாக வெளியிட்டார். 1974இல் அது தொலைக்காட்சித் திரைப்படமாகவும் வந்தது.

வீட்டு வாழ்க்கை அவ்வளவு நேராகப் போகவில்லை. 1960இல் மனைவி ரூத் அவரை விட்டுப் பிரிந்தார், 1963இல் காலமானார். சிகிச்சைச் செலவும் வழக்குச் செலவும் சேர்ந்து நெருக்கின. பலமாகக் காயப்பட்டவரின் கதை என்றால் தைரியத்தை மட்டும் எழுதிவிட்டு, பராமரிப்பவரின் களைப்பையும் முறிந்த திருமணத்தையும் கடந்துபோவது எழுதுபவர்களின் பழக்கம். கம்பனெல்லாவைப் பற்றிய பல கட்டுரைகளும் அப்படியே செய்கின்றன. 1964இல் ரொக்சி டோல்ஸ் என்பவரை அவர் மணந்தார். அடுத்த 29 ஆண்டுகள் அவரோடு கூடவே இருந்தவர் ரொக்சி.

தீக்குச்சி வெளிச்சம்

1959 மே 7ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் மைதானத்தில் டொட்ஜர்ஸும் யாங்கீஸும் ஒரு சிறப்பு ஆட்டம் ஆடின. வருமானத்தில் ஒரு பங்கு கம்பனெல்லாவின் சிகிச்சைச் செலவுக்கு. வந்தவர்கள் 93,103 பேர். அதுவரை பெரிய லீக் அணிகளின் எந்த ஆட்டத்துக்கும் அவ்வளவு சனம் கூடியதில்லை. இடையில் மைதான விளக்குகள் அணைக்கப்பட்டன. பழைய அணித்தலைவர் பீ வீ ரீஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இருட்டுக்குள் வந்தார். பார்வையாளர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தனர். அந்த நகரத்துக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆட்டத்தை யாங்கீஸ் 6-2 என வென்றது.

டொட்ஜர்ஸ் அணி அவரைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். புளோரிடா மாநிலத்தின் வீரோ பீச் பயிற்சி முகாமுக்கு ஆண்டுதோறும் போய், நாற்காலியில் இருந்தபடி இளம் கெச்சர்களுக்குப் பாடம் சொன்னார். பின்னாளில் பெயர்பெற்ற மைக் சியோஷா அவரிடம் கற்றவர்களில் ஒருவர். குந்திக் காட்ட முடியாத ஆசிரியர், எங்கே காலை வைக்கவேண்டும், எப்போது முகமூடியைக் கழற்றவேண்டும் என்று வாய்ச்சொல்லால் மட்டுமே கற்பித்தார். 1978இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, டொட்ஜர்ஸின் சமூகத் தொடர்புப் பிரிவில் பணிக்குச் சேர்ந்தார். அந்தப் பிரிவின் பொறுப்பாளர் நஷுவாவில் கூட ஆடிய அதே டொன் நியூகொம்ப்.

1969இல் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்போல் புகழ்மண்டபத்துக்குத் தெரிவானார். பெரிய லீக்கில் ஆடிய கறுப்பின வீரர்களில் ரொபின்சனுக்கு அடுத்து அந்தக் கௌரவத்தைப் பெற்றவர் அவரே. 1972 ஜூன் 4ஆம் திகதி டொட்ஜர்ஸ் அணி மூன்று இலக்கங்களை இனி எவருக்கும் வழங்குவதில்லை என ஒதுக்கியது: ரொபின்சனின் 42, சாண்டி கூபக்ஸின் 32, கம்பனெல்லாவின் 39. அந்த ஆண்டு ஒக்டோபரில் ரொபின்சன் 53 வயதில் இறந்தார். கம்பனெல்லா 1993 ஜூன் 26ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். வயது 71. கழுத்து மட்டத்தில் பாதிக்கப்பட்ட ஒருவர் 35 ஆண்டுகள் வாழ்ந்தது அந்தக் காலத்து வைத்தியத்தில் அரிது.

பெரிய லீக்கில் அவர் ஆடியவை 1,215 ஆட்டங்கள், அடித்தவை 242 ஹோம் ரன்கள். நீண்ட காலம் பதிவேட்டில் இருந்த கணக்கு இவ்வளவுதான். பத்துப் பருவகாலங்கள் என்பதால், அவரைவிடக் குறைந்த திறமையோடு கூடுதல் ஆண்டுகள் ஆடியவர்களின் மொத்தக் கணக்கு அவருடையதைவிடப் பெரிதாகத் தெரியும். 2020 டிசம்பரில் 1920 முதல் 1948 வரையான நீக்ரோ லீக்குகளையும் பெரிய லீக்குகளாக அங்கீகரிப்பதாக அமெரிக்க பேஸ்போல் நிர்வாகம் அறிவித்தது. 2024 மே மாதம் அந்தப் புள்ளிவிபரங்கள் பொதுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அடிச் சராசரியில் வரலாற்றின் முதலிடம் ஜோஷ் கிப்சனுக்குப் போனது. அவரும் ஒரு கெச்சர், பெரிய லீக்கின் கதவு திறக்கச் சில மாதங்களே இருக்கையில் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தவர். கம்பனெல்லா பதினைந்து பதினாறு வயதில் எலைட் ஜயன்ட்ஸ் அணிக்காக ஆடிய லீக் ஆட்டங்களும் இப்போது அவர் பெயரில் இருக்கின்றன. ஊர் ஊராகப் பேருந்தில் போய் ஆடிய மற்ற ஆட்டங்களில் பலவற்றுக்குப் புள்ளித்தாள் எதுவும் மிஞ்சவில்லை.